தென்னையில் பாளை வருவதற்கு முந்திய வருஷங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

ஐ.ஏ.எஸ். தேர்வின் கடைசிப் பட்டியலில் உன் பெயர் வரவில்லை என்று தெரிந்த அன்றைக்கு அம்மா அழுதாள். அப்பாயிக்கு விவரம் முழுசாகப் புரியவில்லை. "புள்ள சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பட்டியலை நினைத்து வந்த வருத்தம் அன்றைக்கு ராத்திரியோடு தணிந்துவிட்டது. பத்து லட்சம் பேர் விண்ணப்பித்து, ஆயிரம் பேர் அளவில் எடுக்கிற தேர்வு அது. முதல்நிலையைத் தாண்டி, 1,750 மதிப்பெண்ணுக்கு முதன்மைத் தேர்வு எழுதி, டெல்லியில் அந்த 275 மதிப்பெண் நேர்முகத் தேர்வு வரைக்கும் போய் வந்திருக்கிறாய். கல்லணைக் கால்வாயின் கடைமடையில், தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தது. அந்தப் பெருமை எனக்கு அப்படியே இருக்கிறது.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. நீ அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளை அம்மாவிடம் சொன்னதாம். அதைக் கோபித்துக்கொள்ளாதே, அக்கறையில்தான் சொல்லியிருக்கிறது. சித்தப்பா மகள் வளைகாப்புக்கு நீ வரவில்லை. அம்மா கேட்டதற்கு, "ஒரு நிலைக்கு வந்த பிறகு எல்லா விசேஷத்துக்கும் வர்றேன்" என்றாயாம். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஒரு நிலைக்கு வருகிறவரைக்கும் நடக்கிற நாளெல்லாம் யார் கணக்கில் போகிறது, பாப்பா?

கஜா புயலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, பொழுது விடிவதற்குள் நம்ம பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளை முடித்துவிட்டுப் போனது. நீ தஞ்சாவூர் காலேஜ் விடுதியிலிருந்து வந்து பார்த்தாய். மூணு ஏக்கர், ஏக்கருக்கு 70 மரம். நின்றவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அப்புறம் நீ படிக்கத் திரும்பிப் போய்விட்டாய், அதுதான் சரி. அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நீ பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. புயலைவிட அந்த வருஷங்களில்தான் உனக்குச் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது.

முதல் வாரம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கரண்ட் இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தன் வீட்டு ஓடு பறந்து கிடக்கும்போது, விளக்கு ஏற்ற வந்தவனுக்குச் சோறு போட்ட பெண்களை நான் பார்த்தேன். அப்பாயியும் அதில் ஒருத்தி. அன்றைக்கு அந்த வேலை இல்லாவிட்டால் அது படுத்த படுக்கையாகிப் போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்து, விழுந்த மரங்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தோப்புக்குள் போகவே பலருக்கு மனசு வரவில்லை. அவரவர் அப்பாவும் தாத்தாவும் வைத்த மரங்கள். கிடக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தென்னை மரம் சும்மா கிடக்காது, மக்க ஆரம்பிக்கும். மக்கின மரத்தில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். புழு அதற்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகிப் பறந்து போய்ப் புதுக்கன்றின் குருத்தைக் குடையும். குருத்து விரிந்து மட்டையாகும்போது கத்தரியால் வெட்டின விசிறி மாதிரி இருக்கும். கன்று சிறிசாக இருந்தால் செத்தே போகும். பக்கத்துத் தோப்பில் கிடக்கிற மரத்தில் பிறந்த வண்டு நம் கன்றுக்கும் வரும். வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து மட்டை இடுக்கில் போட்டுக்கொண்டே இருந்தோம். ஆனாலும் மூலம் கிடக்கிற மரம்தான். அதை அறுத்து வெளியேற்றின தோப்பில்தான் கன்று தப்பியது.

உன் மதிப்பெண் விவரம் வந்துவிட்டது, நீ இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். திறந்து பார், தங்கம். எந்தத் தாளில் எவ்வளவு, கட்டுரையா, விருப்பப் பாடமா, நேர்முகமா என்று ஒரு தாளில் எழுதிவை. ஒரு நாள் அழ வேண்டியிருந்தால் அழுதுகொள். அதைப் பார்க்காமல் போட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு வாரமும், "எனக்கு எதுவும் வராது" என்கிற நினைப்பு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். உண்மையில் ஏதோ ஒரு தாளில் கொஞ்சம் மார்க்தான் குறைந்திருக்கும். அது எந்தத் தாள் என்று தெரியாதவரைக்கும், மொத்தமாக நீயே குறை என்று தோன்றும்.

"தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்று நம்ம பக்கம் சொல்வார்கள். தென்னை வைத்தவன் தின்பான்தான், ஆனால் உடனே இல்லை. நெட்டை ரகம் என்றால் அஞ்சு வருஷத்துக்கு மேல், குட்டை ரகம் என்றால் மூணு நாலு வருஷம். நானும் நாலு பேரும் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டோம். எல்லாத்தையும் ஒரே ரகமாக வைக்காமல், நெட்டையும் அவர்கள் உருவாக்கின வீரிய ஒட்டு ரகமும் கலந்து நட்டோம். மூணுக்கு மூணு அடிக் குழி, 25 அடி இடைவெளி, எல்லாம் பழைய கணக்குதான்.

நட்ட பிறகுதான் சிரமம் ஆரம்பித்தது. தென்னங்கன்று முதல் சில வருஷம் மேலே உயராது. மட்டை மட்டும் விரியும். தண்டு தெரியாது. தூர் மண்ணுக்குள்ளேயே பருத்துக்கொண்டிருக்கும். அது முழு அளவுக்குப் பருத்த பிறகுதான் மரம் மேலே கிளம்பும். ஏன் தெரியுமா? மற்ற மரம் மாதிரி தென்னை பின்னால் பருக்காது. ஒரு தடவை எந்த அளவில் மேலே கிளம்பிவிட்டதோ, அதுதான் அதன் அளவு. பார்க்கிறவனுக்குக் கன்று சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் வந்து, "என்ன மாப்பிள்ளை, இன்னும் இப்படியே நிக்குது?" என்று கேட்பார்கள். உன்னையும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். மாமா கல்யாணப் பேச்சை எடுத்தார். உன்னிடம் கேட்காமல் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேப்பங்குளத்தில் ஒரு விஞ்ஞானி சொன்ன இன்னொரு விஷயம் எனக்குள் தங்கிவிட்டது. தென்னையில் பூவெடுக்கிற பாளை ஒன்று வெளியே வெடிப்பதற்குச் சுமார் 32 மாதம் முன்னாலேயே அதன் கரு மரத்துக்குள் உருவாகிவிடுகிறதாம். பாளை வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் ஒரு வருஷம். அப்படியென்றால் இன்றைக்கு வெட்டுகிற முற்றின நெத்துக்குள் மூணரை வருஷத்துக்கும் முன்னால் விட்ட தண்ணீர் இருக்கிறது. 2016-இல் மழை பொய்த்ததே, அந்த வறட்சி காய்ப்பில் அந்த வருஷத்தோடு போகவில்லை. பின்னால் வந்த வெட்டுகளிலும் காய் சிறுத்து, குரும்பைப் பிஞ்சு கொட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதைக் கேட்டதிலிருந்து தோப்பில் நான் வேலை செய்கிற விதமே மாறிவிட்டது. காலையில் போய் வட்டப்பாத்தியில் தண்ணீர் கட்டும்போது, இது எப்போது காய்க்கும் என்று நினைப்பதை விட்டுவிட்டேன். அது என் கையில் இல்லை. இன்றைக்கு இந்தக் கன்றுக்கு என்ன வேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. உனக்கும் அது கிடைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். பட்டியலில் பெயர் வந்த அன்றைக்குத்தான் வாழ ஆரம்பிப்பேன் என்று இருக்காதே. காலையில் எழுந்து, படிக்க வேண்டியதைப் படித்து, யாராவது ஒருவருக்கு உதவியாக ஒரு காரியம் செய்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, வளைகாப்புக்கும் வந்து நிற்கிற பெண்ணும் பரீட்சை எழுதலாம். நன்றாகவே எழுதலாம்.

இன்னொன்று, காய்க்கிறவரைக்கும் நாங்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கவில்லை. கன்றுகளுக்கு நடுவில் உளுந்து போட்டோம், எள் போட்டோம், தண்ணீர் வசதி பார்த்து வாழை வைத்தோம். உளுந்து எடுத்த காசில்தான் உன் ஹாஸ்டல் பணம் ஒரு வருஷம் போனது. ஊடுபயிர் போடுகிறவனுக்குத் தென்னையில் நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. உளுந்து மண்ணுக்கும் நல்லது. அதன் வேர் மண்ணில் தழைச்சத்தை விட்டுப் போகும். அதனால் நீ ஒரு வேலை பார்த்துக்கொண்டே எழுதுவது பற்றி யோசி. வேலைக்குப் போனால் தோற்றுப்போய்விட்டதாக அர்த்தம் என்று எந்தப் பிள்ளை சொன்னதோ, அது சொன்னது தப்பு. நேர்முகம் வரை போய்ப் பட்டியலில் வராதவர்கள் சம்மதித்தால், அவர்கள் விவரத்தை வேலை கொடுக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி, தேர்வு நடத்துகிற யூபிஎஸ்சியே "பிரதிபா சேது" என்று ஓர் ஏற்பாடு வைத்திருப்பதாகத் தம்பி படித்துக் காட்டினான். அதைப் பார்த்தாயா? இல்லாவிட்டால், முதல்நிலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நீயே பாடம் எடுக்கலாம். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது உனக்கும் பாடம் இன்னும் ஆழமாக இறங்கும். முதல்நிலை தேறினதற்குத் தமிழ்நாட்டு அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் வந்த 25,000 ரூபாயில் நீ அப்பாயிக்குக் கண்ணாடி வாங்கி அனுப்பினாயே, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அது தினத்தந்தி படிக்கிறது. உன்னால் ஏற்கெனவே இந்த வீட்டில் ஒருத்திக்குக் கண் தெரிகிறது.

மறுபடி எழுதுவதா, விடுவதா என்பது உன் முடிவு. நம்ம ஓபிசி பிரிவுக்கு 35 வயது வரை, ஒன்பது தடவை எழுதலாம் என்று சட்டம் இருக்கிறது. அதற்காக ஒன்பதையும் எழுதித் தீர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கஜாவுக்குப் பிறகு தென்னையே வேண்டாம் என்று வேறு பயிருக்குப் போனவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்து, தன் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று யோசித்துப் போனவர்கள் அவர்கள். பயத்தில் ஓடுவதை மட்டும்தான் வேண்டாம் என்கிறேன். விட்டாலும் சரி, தொடர்ந்தாலும் சரி, மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, தெளிந்த மனசோடு முடிவெடு. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் பணம் பற்றிக் கவலைப்படாதே. இந்த வருஷம் காய்ப்பு பரவாயில்லை.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். புயலுக்குத் தப்பி நின்ற பழைய மரங்களைக் கிட்டே போய்ப் பார்த்தால், நடுவில் ஓர் இடத்தில் தண்டு சிறுத்து இருக்கும். மரத்துக்குக் கஷ்டம் வந்த காலம் அது. அந்தச் சிறுத்த இடம் பின்னால் நிறையாது, அப்படியேதான் இருக்கும். அதற்கு மேலே மரம் பழைய பருமனுக்கு வந்து, காய்த்துக்கொண்டும் இருக்கும். இந்த வருஷத்து வலி உனக்குள் ஒரு தடமும் இல்லாமல் மறைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரத்திலிருந்து செங்கோட்டை போகிற ரயில் இப்போது பட்டுக்கோட்டை வழியாகத்தான் வருகிறது. அதில் டிக்கெட் போடு. போட முடியாவிட்டால் தம்பியிடம் சொல், அவன் போடுவான். வரும்போது அந்த மதிப்பெண் தாளை எடுத்து வா. எனக்கு உன் பாடமெல்லாம் புரியாது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த வாரம் தோப்பில் வெட்டு வைத்திருக்கிறோம். ஆள் சொல்லியாகிவிட்டது. தேங்காய் எண்ணிக் கணக்கு எழுதத் தம்பியை நம்ப முடியாது, பாதியில் போனைப் பார்க்கப் போய்விடுவான். நீ வந்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா