அக்கா, உயிலை முதலில் எழுது

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து அந்தப் பச்சைப் பையை எடுத்து, வீட்டுப் பத்திரத்தைக் கட்டிலில் விரித்துக் காட்டினாயே, அது கண்ணிலேயே நிற்கிறது. 15 வருடம் தவணை கட்டிய வீடு. “பிரிந்து 19 வருஷம் ஆச்சு. இனிமேல் விவாகரத்துக்குன்னு கோர்ட் படி ஏறணுமா? அம்மா பேருக்கு உயில் எழுதிட்டா போதாதா?” என்று கேட்டாய். உன்னைப் போலப் பலர் கேட்பதால், உன் சம்மதத்தோடு பொதுவிலேயே எழுதுகிறேன்.

எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அவர் உன் கணவர்தான். உயில் இல்லாமல் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இல்லாததால் நீ சம்பாதித்து வாங்கிய வீடு அவருக்குத்தான். அவரும் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் நம் அம்மா. புகுந்த வீட்டார் விரட்டிவிட்ட ஒரு விதவை, பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம்கூட 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கணவர் வழி உறவுக்கே போனது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் உயிலை இந்த வாரமே எழுதிவிடு. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன்னால் நீ கையெழுத்திட வேண்டும், அவர்களும் உன் முன்னால் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடலாம். ஒன்றை மறக்காதே: அம்மாவுக்கு 78 வயது. அம்மா உனக்கு முன்னால் போய்விட்டால் வீடு யாருக்கு என்றும் ஒரு வரி வேண்டும். அது இல்லையென்றால் வீடு திரும்ப உன் கணவரிடமே போகும்.

ஆனால் உயில் எல்லாவற்றுக்கும் எட்டாது. உன் அரசு வேலையின் குடும்ப ஓய்வூதியம் விதிப்படிதான் போகும், உயிலில் யார் பெயரை எழுதினாலும் அதை மாற்ற முடியாது. அப்புறம், உயில் பேசுவதே நாம் போன பிறகு. போன வருடம் ஆபரேஷன் படிவத்தில் ‘கணவர் பெயர்’ என்ற இடத்தில் உன் பேனா நின்றதே, அதற்கு உயில் என்ன செய்யும்?

அதற்கு விவாகரத்துதான் வழி. அவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்தே மனு போடலாம். மனு போட்ட பிறகான ஆறு மாதக் காத்திருப்பையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதிக்காவிட்டாலும், விட்டுவிட்டுப் போனவர் அவர்தானே. இரண்டு வருடம் கைவிட்டிருந்தாலே விவாகரத்து கேட்கலாம்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பச்சைப் பையையும் ஆதாரையும் எடுத்து வை. சாட்சிக்கு என் நண்பர்கள் இருவரிடம் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி