மேடைக்கு எர்த் உள்ள ஒரு சாக்கெட், எங்களுக்கு ஒரு மணி நேரம்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கல்யாண மண்டபம், கோயில் மண்டபம், தாமான் பொது மண்டபம் ஆகியவற்றைப் பொறுப்பேற்று நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். ஏழு பேர் சேர்ந்த எங்கள் இசைக்குழுவுக்கு வயது பதினொன்று. யாருக்கும் இது பிழைப்பு கிடையாது. கீபோர்டு அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறார். பாடும் அக்கா தாதி. இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து பாடிய நாட்களும் உண்டு. ஆக்டோபேட் என்ற மின்னணு டிரம் வாசிக்கும் தம்பி ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் ஜாமிங் ஸ்டூடியோவில் ஒத்திகை, மணிக்கு 40 வெள்ளி, எல்லாரும் பங்கு போட்டுக் கொடுப்போம். மாதத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சி. பெரும்பாலும் உங்கள் மேடைகளில்தான். அதனால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாண வரவேற்பு. எந்த மண்டபம் என்பது வேண்டாம். ஏழரைக்கு மணமக்கள் உள்ளே வர வேண்டும். ஏழு பத்துக்குத்தான் மேடை எங்கள் கைக்கு வந்தது. அதுவரை அலங்காரக்காரர்கள் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் மண்டபம் தாமதமாகத்தான் திறந்துவிடப்பட்டது. மேடையில் சாக்கெட் வேலை செய்யவில்லை என்று சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக் கொடுத்தார்கள். கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி), என் பேஸ் ஆம்ப் இரண்டையும் அதில் போட்டோம். மைக்குகள் வந்து சேரும் ஒலி மிக்ஸர் எதிர் மூலையில், சுவர் சாக்கெட்டில். மூன்றாவது பாட்டில் எங்கள் கிட்டார் தம்பி பின்பாட்டுப் பாட மைக்கிடம் குனிந்தான், குனிந்த வேகத்திலேயே தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். "அண்ணே, உதட்டுல சுள்ளுன்னு குத்துதுண்ணே" என்றான். கை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டு முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, ப்ளக்கைத் திறந்து பார்த்தேன். வெளியே மூன்று பின். உள்ளே இரண்டே வயர், பழுப்பு ஒன்று, நீலம் ஒன்று. பச்சை-மஞ்சள் வயர் உறையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. எர்த் பின்னின் திருகு துருப்பிடித்துச் சும்மா கிடந்தது.

நடந்தது இதுதான். ஆம்புக்குள் இருக்கும் வடிகட்டிப் பகுதியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எப்போதும் அதன் இரும்புக் கூட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது தரைக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் கூட்டிலேயே நிற்கும். நம் 230 வோல்ட்டில் பாதியளவுகூட அங்கே இருக்கலாம். கிட்டார் கம்பிகள் அந்தக் கூட்டோடு இணைந்தவை. மைக்கின் தலையோ மிக்ஸர் வழியாக ஒழுங்கான எர்த்தோடு இணைந்தது. கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் அந்தப் பையனின் உடம்பு. அன்று கசிந்தது கொஞ்சம் என்பதால் சுள்ளென்றதோடு போயிற்று. ஆம்புக்குள் ஒரு வயர் கழன்று கூட்டைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. 1972 மே 3 அன்று வேல்ஸில் ஸ்வான்ஸி நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்முன்னே இறந்தார். அவருக்கு வயது 27. நான்கு வருடம் கழித்து, யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கிப் போய்ச் சேர்ந்தார். எங்கள் தம்பிக்கு 22 வயது. அவன் அம்மா அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"மெயின் பெட்டியில் இ.எல்.சி.பி. இருக்கிறதே" என்று அன்று ஒருவர் சொன்னார். மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. இருக்கிறது, நல்லது. ஆனால் 30 மில்லி ஆம்பியருக்கென்று வைத்த சுவிட்ச் உதட்டைக் கடிக்கும் அளவு சின்னக் கசிவுக்கு விழாது. பெரிய கசிவு வரும்போது விழ வேண்டுமென்றால் அது பழுதில்லாமல் இருக்க வேண்டும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். கடைசியாக அதை யார், எப்போது அழுத்திப் பார்த்தார்கள் என்று உங்கள் காவலாளியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்திலும் தப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரண்டு பின் ப்ளக் உள்ளே போகவில்லையென்றால் எர்த் ஓட்டையில் பேனாவை நுழைத்துத் திறந்து சொருகுவது இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் நடப்பது. மேடையிலும் அதையே செய்கிறோம். ஆம்பில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, இரைச்சல் போய்விட்டது என்று நிம்மதியாக வாசிக்கிறவர்களை எனக்குத் தெரியும். இரைச்சல் போகும்தான். அதோடு காவலும் போய்விடும். அதற்குச் சரியான வழி டி.ஐ. பாக்ஸ், கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி. அதிலுள்ள 'லிஃப்ட்' சுவிட்ச் ஒலி கேபிளின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. எங்கள் குழுவில் இப்போது மூன்று வைத்திருக்கிறோம். மற்ற குழுக்காரர்களும் இதைப் படித்தால், முதலில் அதை வாங்குங்கள், அப்புறம் பெடல் வாங்கலாம்.

இரைச்சலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்பது உங்கள் விருந்தாளிகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. இரைச்சலும் அந்தச் சுரத்தில்தான் வரும். என் பேஸில் தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் வரும் ஜி சுரம், நம் கணக்கில் ஐந்து கட்டை, 49 ஹெர்ட்ஸ். அதாவது மண்டபத்து இரைச்சல் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்கும் போய்ச் சேராமல் நடுவில் நிற்கிறது. ஐந்தரைக் கட்டையில் பாடும் அக்காவுக்கு நாள் முழுக்க யாரோ தப்பான சுதியில் தம்பூரா மீட்டுவது போல இருக்கும். "இன்னைக்கு ஏன்மா சுதி சேரல?" என்று விருந்தாளிகள் கேட்கும்போது அவர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார்.

நாங்கள் எந்தக் கருவியை வாங்குகிறோம் என்பதைக்கூட உங்கள் மண்டபங்கள்தான் முடிவு செய்கின்றன. கிட்டார் தம்பி ஆசைப்பட்டது ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) வைத்த கிட்டாருக்கு. வாங்கியது ஹம்பக்கர் வைத்தது. 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் உருவாக்கியது அது. இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துப் போக வைக்கும். ஒற்றைச் சுருளின் அந்தக் கண்ணாடி போன்ற குரல் வேண்டும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கீபோர்டு அண்ணனிடம் 88 விசை கீபோர்டு ஒன்று வீட்டில் உறை போட்டு இருக்கிறது. மேடைக்கு வருவது 61 விசைதான், ஏனென்றால் இரண்டு மைவி காரில் ஏழு பேரும் எல்லாச் சாமானும் வர வேண்டும், அப்புறம் லிஃப்ட் இல்லாத மண்டபத்தில் மாடி ஏற்ற வேண்டும். அக்கா சொந்தமாக ஒரு ஷூர் எஸ்.எம். 58 வைத்திருக்கிறார். 1966இல் வந்த மாடல், இன்றும் அதே உருவம். கைப்பையில் துணி சுற்றி வைத்திருப்பார். மண்டபத்து மைக்கில் எதை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும் என்பார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கைக்காசில் வாங்குகிற ஒவ்வொன்றையும் உங்கள் மேடையை நினைத்துத்தான் வாங்குகிறோம்.

அடுத்தது நேரம். எங்கள் மேல் வருகிற முதல் புகார் சத்தம் அதிகம் என்பதுதான். முன்வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிக்குக் காது வலிக்கிறது, கடைசி மேசைக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மை. இதற்குப் பெரும்பாலும் காரணம் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் கட்டுவதுதான். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள காலி மண்டபத்தில் ஒலி சுற்றிச் சுற்றி வரும். ஆட்கள் நிரம்பிய பிறகு உடம்பும் பட்டுப்புடவையும் அதைக் குடித்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஸ்பீக்கரை உயரத்தில் வைத்து, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, மைக் எந்தச் சுரத்தில் கூவுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி அந்த இடத்தை மட்டும் குறைக்க வேண்டும். நேரம் இல்லாதபோது எல்லாரும் செய்வது ஒன்றுதான்: தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று ஆளாளுக்குக் கூட்டுவது. நான் கூட்டுவேன், ஆக்டோபேட் தம்பி கூட்டுவான், அக்கா கத்திப் பாட வேண்டியிருக்கும். மறுநாள் வார்டில் அவருக்குத் தொண்டை அடைத்திருக்கும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மேடைக்கென்று எர்த் உள்ள சாக்கெட் ஒன்று, சமையல்கட்டு வெந்நீர்ப் பானை ஓடும் லைனில் சேராமல் தனியாக. ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் கிட்டத்தட்ட 3,000 வாட் தரும். எங்கள் மேடைச் சாமான்களுக்கு அது போதும், பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சவுண்டுகாரர் தனியாகக் கேட்பார். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை வருடத்துக்கு ஒரு முறையாவது வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்றை நான் பையில் வைத்திருக்கிறேன். எர்த் இருக்கிறதா இல்லையா என்று அது காட்டும், எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை வயர்மேன்தான் சொல்ல முடியும். பழைய எக்ஸ்டென்ஷன் வயர்களைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள், "ஆபத்துக்கு உதவும்" என்று ஸ்டோர் ரூமில் வைக்காதீர்கள். விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேடையை எங்களிடம் கொடுங்கள். வாடகைப் படிவத்திலேயே இந்த நேரத்தை எழுதிவிட்டால் அலங்காரக்காரர்களுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரியும், எங்களுக்கும் யாரோடும் மனஸ்தாபம் வராது.

உங்களில் யாராவது வந்து பார்க்கச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்டரோடு நானே வருகிறேன், காசு எதுவும் வேண்டாம். கிட்டார் தம்பியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான். பின்வாசல் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் பேஸ் வாசிக்கும் ஒருவன்,
செந்தூல், கோலாலம்பூர்