பத்து இலக்கப் பெட்டியும் என் எட்டு இலக்க எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மொரீஷியஸில் ரோஸ்ஹில்லில் இருப்பவள். 31 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். உங்கள் நாளிதழை டேப்லெட்டில்தான் படிக்கிறேன். போனில் படித்தால் எழுத்து எறும்பாக ஊர்கிறது. டேப்லெட்டில் இரண்டு விரலால் விரித்தால் தலையங்கமே கரும்பலகையில் எழுதினாற்போலத் தெரியும். போன ஆவணியில் சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை என்று 22 நாள் கோயில் சுற்ற வந்தேன். அந்த டேப்லெட்டையும் ஊரிலிருந்து ஒரு பட்டன் போனையும் எடுத்துக்கொண்டேன்.

இறங்கிய இடத்திலேயே 'இலவச வைஃபை' பலகை. தொட்டால், மொபைல் எண்ணைப் போடு, ஓடிபி அனுப்புகிறேன் என்றது. பெட்டியின் முன்னால் +91 என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், அதை அழிக்க முடியாது; அதன்பின் பத்து இலக்கம் வேண்டும். எங்கள் ஊர் மொபைல் எண்ணுக்கு எட்டு இலக்கம்தான். 2013 செப்டம்பரில் முன்னால் ஒரு 5 சேர்த்ததால் எட்டு, அதுவரைக்கும் ஏழுதான். கடைசியில் இரண்டு சைபர் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். (ஆசிரியையாக இருந்தவள் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள்.) சிவப்பு எழுத்தில் 'செல்லாத எண்' என்று வந்தது. வழியில் ஒரு பெரிய ரயில் சந்திப்பிலும் இதே பெட்டி, இதே பதில்.

பட்டன் போனில் ரோமிங் போட்டுத்தான் வந்தேன். பேத்தி அனுப்பிய குறுஞ்செய்தியெல்லாம் ஒழுங்காக வந்தது. எனக்குக் குறுஞ்செய்தி அனுப்ப அவளுக்கு முடியும், உங்கள் ஊர் கம்ப்யூட்டருக்கு முடியாது.

சரி, உள்ளூர் சிம் ஒன்று வாங்கிவிடலாம் என்று கும்பகோணத்தில் மகாமகக் குளத்தருகே ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் நல்ல பிள்ளை. பாஸ்போர்ட் நகல், விசா நகல் வாங்கிக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வெள்ளைச் சுவரில் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் எண் வேண்டுமென்றான். லாட்ஜ் மேனேஜர் பெரிய மனசு பண்ணித் தன் எண்ணைத் தந்தார். மறுநாள் சாயங்காலம் சிக்னல் வந்தது. "இப்ப 59059-க்கு ஒரு கால் போடுங்கம்மா, ஆக்டிவேட் ஆயிடும்" என்றான்.

"எதுலப்பா போடறது?"

டேப்லெட்டை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். சிம் போடுகிற இடம் உண்டு, டயல் பண்ணுகிற இடம் கிடையாது. பல டேப்லெட்டுகள் இப்படித்தான். டேட்டா வரும், கால் வராது, குறுஞ்செய்திப் பெட்டியே இராது. என் புடவை ஊக்கை வாங்கி அந்தத் துளையில் குத்தி, சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டு, என் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி முடித்து, மறுபடி டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தான். ஏ.பி.என். என்று ஏதோ ஒன்றையும் அவனே தட்டிவிட்டான். டேட்டா வந்தது. தமிழ்நாட்டில் எனக்கென்று ஒரு பத்து இலக்க எண்ணும் வந்தது.

நாளைக்கு ஒன்றரை ஜிபி. அது எப்படிக் காலை பத்து மணிக்கே தீர்ந்தது என்று முதல் இரண்டு நாள் விளங்கவில்லை. வீட்டில் ஃபைபர் கம்பி இருக்கிறது, அங்கே அளவு பார்த்துப் பழக்கமில்லை. டேப்லெட்டுக்கும் அதே புத்தி. தாராசுரத்தில் எடுத்த 140 படத்தையும் யாரும் கேட்காமலே 'மேகம்' என்கிற இணையச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பின்னால் செயலிகள் வேறு தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டன. ஒன்றரை ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, நள்ளிரவில்தான் திரும்பும். டேட்டா சேவரைப் போட்டு, படங்கள் வைஃபையில் மட்டும் போகட்டும் என்று மாற்றிய பிறகு ஒரு நாள் டேட்டா ஒரு நாளைக்கு வந்தது. டேப்லெட்டோடு பயணம் போகிறவர்கள் விமானம் ஏறுமுன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். ஊரில் உங்கள் இ-பேப்பரின் இலவசப் பக்கங்களை மட்டும் படித்துவந்தேன். முழுச் சந்தா கட்ட நினைத்தபோதெல்லாம் உங்கள் தளத்திலும் அதே +91, பத்து இலக்கப் பெட்டி தடுத்தது. இப்போது எண் இருக்கிறதே என்று லாட்ஜில் உட்கார்ந்து போட்டேன். "ஓடிபி அனுப்பப்பட்டது, மூன்று நிமிடத்தில் உள்ளிடவும்" என்றது. எங்கே அனுப்பினார்கள்? டேப்லெட்டுக்குள் இருக்கும் சிம்முக்கு. அங்கே அதைத் திறந்து படிக்க வழியில்லை.

ஓடிபியைப் படிக்க சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட வேண்டும். கழற்றினால் டேப்லெட்டில் டேட்டா போய்விடும், ஓடிபியைப் போட முடியாது. கட்டிலில் செய்தித்தாளை விரித்து, ஊக்கு ஒரு கையில், பையன் கொடுத்த பிளாஸ்டிக் சட்டம் ஒரு கையில். சுண்டுவிரல் நகத்தளவு சிம்மை அந்தச் சட்டத்தில் பொருத்தினால்தான் பட்டன் போனில் நிற்கும். போன் உயிர் பெற்று ஓடிபி வருவதற்குள் இரண்டு நிமிடம். அதைக் கையில் எழுதிக்கொண்டு சிம்மைத் திரும்ப டேப்லெட்டில் போடுவதற்குள் உங்கள் பக்கம் காலாவதி. மூன்று முறை. நான்காவது முறை சிம் கட்டிலுக்கடியில் விழுந்தது. கடைசியில் மேனேஜர் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தார், அதில்தான் நடந்தது.

டர்பனில் இருக்கும் என் தம்பி மகன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். "இ-சிம் வாங்கியிருக்கலாமே அத்தை" என்கிறான். இ-சிம் என்பது அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே ஏற்றுகிற சிம். என் டேப்லெட் பழசு, அது ஏறாது. ஏறினாலும், பயணிகளுக்கு விற்கும் இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், எண் கிடையாது. ஓடிபிக்கு அதுவும் உதவாது. தங்கை எங்கள் பக்கத்துத் தீவான, பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியனில் சேந்த் ஆந்த்ரே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். 2017 ஜூன் முதல் அவள் சிம் 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் பாரிசிலும் கூடுதல் கட்டணமின்றி ஓடுகிறது. 200 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் எங்கள் தீவுக்கு வந்தால் மட்டும் ரோமிங். கடலில் யார் கோடு போட்டார்களோ.

அந்தக் கடைப் பையனிடம் எங்கள் ஊர் ரூபாய் நோட்டைக் காட்டினேன். அதில் தமிழ் எழுத்தைப் பார்த்து வாய் பிளந்தான். 1998-இல் நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டபோது நாங்கள் விடவில்லை. அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி அச்சிட்டார்கள். நோட்டில் ஒரு வரித் தமிழுக்காக அப்படி நின்ற ஊர்க்காரி, உங்களிடம் ஒரு பெட்டிதான் கேட்கிறேன். அந்த +91-ஐ மாற்றுகிற மாதிரி வையுங்கள். அல்லது ஓடிபியை மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பக்கங்களைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தந்தால், டேட்டா தீர்ந்த நாளிலும் மெதுவாகவாவது படிக்கலாம்.

இன்னொன்று அவசரம். ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறேன், அது அந்தக் கும்பகோணம் எண்ணில் பதிவாகியிருக்கிறது. நான் ஊர் திரும்பியபின் அந்த எண் செத்துப்போனது. சென்ற வாரம் டேப்லெட் கணக்கிலிருந்து தானாக வெளியேறிவிட்டது. திரும்ப நுழையவும், எண்ணை மாற்றவும் அந்தப் பழைய எண்ணுக்கே ஓடிபி போகிறது. அது இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாது. சந்தா ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் மின்னஞ்சலுக்கு மாற்றித்தர உங்கள் சந்தாப் பிரிவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்