வாய்ப்புண்ணோடு வருபவரிடம் தூக்கத்தையும் கேளுங்கள்

சேலத்துப் பல் மருத்துவர்களுக்கு வணக்கம்.

அம்மாபேட்டையில் தறி ஓட்டும் என் அக்காவுக்கு இரண்டு கன்னத்தின் உட்புறமும் வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள், நடுவில் சிவந்த புண். ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், பி காம்ப்ளெக்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம்தான் திசு எடுத்துப் பார்த்து லைக்கன் பிளானஸ் என்றார்கள். ஸ்டீராய்டு களிம்பில் அடங்கியது. குழுக்கடன் வசூலுக்கு ஆள் வாசலில் வந்து நின்ற மாதம் மறுபடி கிளம்பிவிட்டது. அதை அக்கா டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே வாயின் உள்தோலைத் தாக்குகின்றன, மன அழுத்தம் கூடும்போது பலருக்கு அது தீவிரமாகிறது என்பதெல்லாம் நீங்கள் படித்ததுதான். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு வரும் சின்னப் புண்களையும் பார்த்திருப்பீர்கள். வாய் எரிச்சல் நோய் இன்னும் கொடுமை. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, நாக்கு மட்டும் எரியும். மாதவிடாய் நின்ற பெண்களே அதிகம். பலருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ கூடவே இருக்கும். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சிலர், "எல்லாம் டென்ஷன்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது கேட்காமல் இருப்பதைவிட மோசம். இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்தாலும் புண் வரும், கூரான பல் உரசியும் வரும். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணைத் திசு எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். லைக்கன் பிளானஸும் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குப் புற்றாக மாறுகிறது. பரிசோதனையில் எதையும் குறைக்காதீர்கள். அதோடு, "தூக்கம் எப்படி இருக்கு? சமீபத்தில் ஏதாவது பெரிய கவலையா?" என்று கேளுங்கள். கூட வந்த கணவரையோ மாமியாரையோ வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் பதில் வரும். முதல் தடவையே கேட்டுவிடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்கி வருகிறவர் மறுபடி வருவது நிச்சயமில்லை.

மனநல டாக்டர் என்றால் எங்கள் பக்கம் பயப்படுவார்கள். "இதுவும் வாய்ப்புண் வைத்தியத்தில் ஒரு பாகம்" என்று நீங்கள் சொன்னால் போவார்கள். போகத் தயங்குபவருக்கு, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் எண் 14416-ஐ மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.