574 கிலோமீட்டர் வேகம் சரி, எங்கள் பாசஞ்சர் எப்போது வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகத்தின் அதிவேக ரயில்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை பிளாட்பாரத்தில் உட்கார்ந்துதான் வாசித்தேன். வண்டி லேட். அதனால் இரண்டு தடவை வாசித்தேன்.

பிரான்சில் 2007 ஏப்ரல் 3-ஆம் தேதி டி.ஜி.வி. என்கிற அதிவேக வண்டி மணிக்கு 574.8 கி.மீ. வேகத்தில் ஓடியது நிஜம்தான். அது எப்படி ஓடியது என்பதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். முன்னும் பின்னும் எஞ்சின், நடுவில் மூன்றே மூன்று பெட்டி, வழக்கத்தைவிடப் பெரிய சக்கரம், மேலே போகிற கம்பியில் 25 கிலோவோல்ட்டுக்குப் பதிலாக 31 கிலோவோல்ட் என்று அந்த ஒரு நாளுக்காகவே ஜோடித்த வண்டி அது, டிக்கெட் எடுத்த ஜனம் ஒருவர்கூட உள்ளே கிடையாது. அதே பாதையில் ஜனம் ஏறுகிற வண்டிக்கு 320-தான். ஜப்பானில் 2015-ல் காந்த ரயில் 603-ஐத் தொட்டதும் சோதனைப் பாதையில்தான்.

ஜப்பானைப் பார்த்து எனக்குப் பொறாமை வருவது வேறு விஷயத்தில். 1964 அக்டோபர் 1-ஆம் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே ஓட ஆரம்பித்த ஷிங்கான்சென் என்கிற புல்லட் ரயில்கள், புயல் மழையால் தாமதமானதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட, சராசரியாக ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம்தான் பிந்துகின்றன. மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தப் பாதையில் கூட்ஸ் வண்டி கிடையாது, ரயில்வே கேட் கிடையாது, எதிரே வருகிறவனுக்காக எவனும் காத்து நிற்க வேண்டியதும் கிடையாது.

இங்கே என்ன கதை? மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கும் திருச்செந்தூருக்கும் போகிற பாதைகள் இன்றைக்கும் ஒற்றை லைன்தான். ஒற்றை லைன் என்றால் ஒன்றுக்கொன்று வழிவிடுகிற கிராசிங், கிராசிங் என்றால் பாசஞ்சரை ஸ்டேஷனில் பக்கத்துப் பாதையான லூப் லைனில் ஒதுக்கிவிட்டு எக்ஸ்பிரஸை விடுவது. பெரிய வண்டி கால் மணி பிந்தினால் சின்ன வண்டி அரை மணி பிந்தும். நான் போகிற வண்டியில் பீடிக் கட்டோடு ஏறுகிற ஒரு அக்கா, சிக்னல் விழாமல் நிற்கும்போதெல்லாம், "எல்லாவனுக்கும் ஒதுங்கி நிக்க நாமதான் கெடச்சோமாக்கும்" என்பார். ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்காவது வம்பு வரும், வேண்டாம். வண்டி இருபது நிமிடம் பிந்தினால் எனக்கு டவுன் பஸ் போய்விடும். அடுத்த பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனால் பாதி நாள் லீவு. மாதத்தில் மூன்று முறை இப்படி ஆனால் சீசன் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதே வண்டி சரியான நேரத்துக்கு வந்ததாக இருக்கலாம். நம் ரயில்வேயில் கடைசி ஸ்டேஷனுக்கு, குறித்த நேரம் தாண்டிப் பதினைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் லேட் கிடையாது. கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் அட்டவணையில் கொஞ்சம் நிமிடங்களைக் கூடுதலாகவே போட்டு வைத்திருப்பார்கள். நடுவில் இறங்குகிறவன் எத்தனை மணிக்கு இறங்கினான் என்று யாருக்குக் கவலை?

வந்தே பாரத்தை நான் குறை சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 24-ல் அது திருநெல்வேலியிலிருந்து ஓடத் தொடங்கியபோது ஜங்ஷனுக்குப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். சென்னை வரைக்கும் 650 கி.மீ. சொச்சத்தை எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. 180 கி.மீ. வேகத்தில் சோதித்த வண்டிதான், இருந்தாலும் கணக்குப் போட்டால் மணிக்கு எண்பது சொச்சம்தான் வருகிறது. வேகம் வண்டியில் மட்டும் இல்லை, பாதையிலும் சிக்னலிலும் இருக்கிறது.

அதே வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, பெருமழை வெள்ளத்து ராத்திரியை நம் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸை, சுமார் 800 பேரோடு, ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைத்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் பார்த்தோம். இரண்டு நாள் பட்டினியும் பரிதவிப்புமாகக் கிடந்தாலும் அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். என்னைக் கேட்டால், வண்டி நகரவே இல்லை என்பதுதான் அன்றைக்கு ரயில்வே செய்த பெரிய சாதனை. அப்படி வண்டியை நிறுத்தி வைத்த ஆட்களைப் பற்றியும் முழுப் பக்கம் போடலாமே.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன்களில் எந்த வண்டி என்றைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். குறித்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சீசன் டிக்கெட்காரர்கள் நாங்கள் இருக்கிறோம், எப்படியும் பிளாட்பாரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தினசரிப் பயணி,
திருநெல்வேலி மாவட்டம்