கல்யாணத்துக்கு நான் வருவது சந்தேகம்

அன்புள்ள மணி,

உன் பெண் கல்யாணப் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகை எனக்குத்தான் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு விஜயா கண் கலங்கிவிட்டாள். எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான், வாய் மட்டும் போன வருஷத்தைவிடப் பலம்.

விஷயத்துக்கு வருகிறேன், திட்டாதே. ஆவணியில் விஜயாவும் பையனும் வருவார்கள். நான் லாயத்தை விட்டு நகர முடியுமா தெரியவில்லை. என் குதிரை மைனா சினையாக இருக்கிறாள், நிலைமை சரியில்லை.

நீ சிரிப்பது காட்பாடி வரை கேட்கிறது. பெண்டாட்டி பிரசவத்துக்கே ரயிலைக் கோட்டைவிட்டவன் குதிரைப் பிரசவத்துக்கு உட்கார்ந்திருக்கிறான் என்பாய். சொல்லிக்கொள். செல்வத்திடமும் சொல், அவன் பங்குக்கு அவனும் சிரிக்கட்டும்.

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினேனே, இரண்டு காது நுனியும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடுமே, அந்த மார்வாரி ஜாதிக் குதிரைதான். ஐப்பசியில் சேர்த்தது. குதிரைக்குப் பதினொரு மாதம், சுமார் 340 நாள். புரட்டாசியில்தான் குட்டி போட வேண்டும். ஆனால் ஆடி பிறந்ததுமே மடி விட ஆரம்பித்துவிட்டது. "நல்ல பால் குதிரைடா" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு என்னவோ உறுத்தியது. வாலைத் தூக்கிப் பார்த்தால் அடிமயிர் நாலைந்து பிசுபிசுவென்று ஒட்டிக் காய்ந்திருந்தது.

டாக்டர் வந்து பின்பக்கமாகக் கையை விட்டு ஸ்கேன் பார்த்தார். நஞ்சுக்கொடியில் கிருமி ஏறியிருக்கிறதாம். கருப்பை வாய்க்குப் பக்கத்தில் கருப்பையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்த தடிமன் இந்த மாதத்தில் 8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இவளுக்கு 11. வயதான குதிரைகளுக்குப் பின்பக்கம் சரிந்து, சாணி பட்டு, கிருமி கீழிருந்து மேலே ஏறுவது சகஜமாம். ஆன்டிபயாடிக், வீக்கத்துக்கு மருந்து, கரு தங்க ஹார்மோன் ஊசி, மூன்றும் ஓடுகிறது. மாத்திரையைப் பொடித்து வெல்லத்தோடு பிசைந்து கொடுத்தால் வெல்லத்தை மட்டும் நக்கிவிட்டு என்னைப் பார்க்கிறாள், மணி. உன் மாமனார் பார்ப்பாரே, அதே பார்வை.

பொய்கைச் சந்தைத் தரகர் ஒருவர் வந்து, இருக்கும்போதே தள்ளிவிடுங்கள் என்றார். காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய தாத்தாவாக இருந்தால் சாட்டையை எடுத்திருப்பார்.

சரி, விளையாட்டு போதும். 300 நாளுக்கு முன்னால் விழுந்தால் குட்டி பிழைப்பது ரொம்ப அபூர்வம். டாக்டர் சொன்ன ஒரே தெம்பு, இப்படி வயிற்றுக்குள் கொஞ்ச நாள் கஷ்டப்படும் குட்டி சில சமயம் சீக்கிரமே முதிர்ந்துவிடுமாம், நாள் குறைந்தாலும் தேறிவிடுமாம். அதனால் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். உன் பெண் கல்யாணம் சரியாக அந்த 300ஐத் தாண்டும் வாரத்தில் வருகிறது. நான் என்ன செய்ய?

பயம் இன்னொன்று. குட்டி வரும்போது முதலில் வெண்மையான பை தெரிய வேண்டும். இந்த வியாதியில் நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்து, சிவப்பு வெல்வெட் மாதிரி வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தால் குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்க முடியாது, அந்த நிமிஷமே கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும். குதிரைக்கு எல்லாம் அரை மணிக்குள் முடிந்துவிடும், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். கத்தரிக்கோலை லாயத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். பையன் பேப்பர் வெட்ட எடுத்துப்போய் ஒருநாள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மடியிலிருந்து பால் இப்போதே சொட்டினால் சீம்பாலும் போச்சு. வயிற்றில் இருக்கும்போது குதிரைக்குட்டிக்குத் தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி வராது, எல்லாம் சீம்பாலில்தான். ராணிப்பேட்டையில் ஒருவர் குதிரை ஈன்றபோது கொஞ்சம் வாங்கிவந்து ப்ரீசரில் வைத்திருக்கிறேன். மீன் வைக்க இடமில்லை என்று விஜயா தினமும் பாட்டு.

உன்னால் ஒரு உதவி. ஆள் பக்கத்தில் நின்றால் குதிரை பிரசவத்தைத் தள்ளிப்போடுமாம். உன் பழைய செல்போன் சும்மாதானே கிடக்கிறது? அதை லாயத்தில் கட்டிவைத்து வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று பையன் சொல்கிறான். செல்வம் அடுத்த வாரம் வேலூர் வருகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்பு. சார்ஜரோடு. போன தடவை மாதிரி சார்ஜர் இல்லாமல் அனுப்பாதே.

கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு இந்தக் காரணத்தைச் சொல்லாதே, வேறு ஏதாவது சொல்.

உன்,
குமார்