250-ஆ, 300-ஆ? மெல்போர்னில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் பார்த்தேன். காட்டுப் பாதையில் ஓட்டுகிற டூ-ஸ்ட்ரோக் பைக்குகள்: ஒன்று கேடிஎம் 250 இஎக்ஸ்சி, இன்னொன்று 300. இரண்டும் 2019 மாடல் டிபிஐ, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சி விடுகிற வகை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "நூற்று நாலு கிலோ இருக்கேன், எனக்கு எதும்மா சரி" என்று கேட்டுவிட்டு, கீழே "அப்பாகிட்ட இப்போ சொல்லாதே" என்று வேறு எழுதியிருக்கிறாய். சொல்லிவிட்டேன். வண்டியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இவன் எப்போ நூற்று நாலு ஆனான்?" என்றுதான் கேட்டார். உடம்பைக் குறை என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதற்குப் போன் இருக்கிறது.

என்னிடம் கேட்டது சரிதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை இருந்தவரை சரக்கு எடுக்கப் போனவர் உன் அப்பா, கல்லாவில் உட்கார்ந்து பிஸ்டன் செட்டும் ரிங்கும் எடுத்துக் கொடுத்தவள் நான். யார் என்ன சொல்லி என்ன பொருள் கேட்பார்கள், அது போட்ட பிறகு திரும்பி வந்து என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

உன் கூட வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் "நீ பெரிய ஆளு, 300 எடு" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நானும் 300-தான் எடு என்கிறேன். ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. அதோடு, ஸ்பிரிங் மாற்றுவதற்கான காசைத் தனியாக எடுத்து வைக்காமல் இரண்டில் எதையும் வாங்காதே. உன் எடைக்குப் பதில் சொல்ல வேண்டியது ஸ்பிரிங். சிசி உன் கைப்பழக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் காசு போகிறது.

முதலில் இன்ஜின். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், 72 மில்லிமீட்டர். போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம் மட்டும் 250-க்கு 66.4, 300-க்கு 72. அதாவது பிஸ்டனின் அகலத்தில் 5.6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கடை இருந்திருந்தால் இரண்டு டப்பாவையும் பிரித்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பேன், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்தச் சின்ன அகலம் 249 சிசியை 293 ஆக்கிவிடுகிறது. போரும் ஸ்ட்ரோக்கும் 72-க்கு 72 என்று சமமாக இருப்பதைப் பார்த்ததும் எனக்கு நம் ஆர்எக்ஸ் 100 நினைவு வந்தது. அதுவும் 50-க்கு 50. அதை வைத்துக்கொண்டு இந்த ஊர் பசங்கள் பண்ணாத கூத்தா! சரி, அதை விடு. பிரேம், ஃபோர்க், கிளட்ச், பிரேக் எல்லாம் இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றே. எடையிலும் தூக்கிப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம் கிடையாது.

இப்போது உன் கூட்டாளிகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டி சுமார் 104 கிலோ, டேங்க் நிறையப் பெட்ரோல் ஒரு 7 கிலோ, ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து ஒரு 10 கிலோ. உன்னோடு சேர்த்தால் 225. எழுபத்தைந்து கிலோ இருக்கிற உன் நண்பன் அதே வண்டியில் உட்கார்ந்தால் 196. நீ அவனைவிட ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து கூடுதல். 250-லிருந்து 300-க்குப் போனால் சிசி கூடுவது நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டு. ஆக, அவன் 250-ல் போவதும் நீ 300-ல் போவதும் காகிதத்தில் சமம். கணக்கு அழகாக வருகிறது, அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.

ஆனால் ஒன்று யோசி. ஆர்எக்ஸ் 100-க்கு மொத்தமே 11 குதிரைச் சக்தி. அதில் முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, மடியில் காய்கறிப் பை என்று குடும்பமே மாம்பலம் போய் வந்தது. நீ பார்க்கிற 250-ம் ஐம்பது குதிரையை ஒட்டி வருகிற வண்டி. உன்னை மலைமேல் இழுக்க அதற்குத் தெம்பு இல்லையா? இன்னொன்று: ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் மலையில் வருஷா வருஷம் நடக்கிற போட்டியை 2022, 2023, 2024 மூன்று வருஷமும் ஜெயித்த மானுவேல் லெட்டன்பிக்லர் ஓட்டியது கேடிஎம் 300. அந்தப் பையன் உடம்பில் கூடுதல் சதை என்று ஒரு பிடிகூடக் கிடையாது. 300 பெரிய உடம்புக்காரர்களின் வண்டி என்றால் அவன் ஏன் அதை எடுக்கிறான்?

காரணம், இழுவை எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான். 300 கீழ் ஆர்பிஎம்மிலேயே, இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே பிடித்துக்கொள்ளும். ஒரு கியர் கூடுதலாக இருந்தாலும், கிளட்சைத் தொடாமல் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும். சக்கரம் சுழன்று மண்ணை வாரி இறைப்பது குறையும். 250-ஐச் சுறுசுறுப்பாக வைத்திருக்க வேண்டும். சரியான நேரத்தில் கியரைக் குறைக்க வேண்டும், ஆர்பிஎம் விழுந்துவிட்டால் கிளட்சை ஒரு தட்டு தட்டி எழுப்ப வேண்டும். அப்படி ஓட்டுகிறவனுக்கு 250 துள்ளிக்கொண்டு வரும், திருப்பங்களில் இன்னும் லேசாகத் தெரியும், கையையும் அவ்வளவாக இழுக்காது. நன்றாக ஓட்டுகிறவர்கள் பலர் 250-தான் இனிமையான இன்ஜின் என்பார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

நீ அப்படி ஓட்டுகிறவன் இல்லையே. கத்திப்பாரா மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே இன்ஜினைத் திணறத் திணற ஏற்றுவாய். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு வயிறு கலங்கும். "கியரைக் குறைடா" என்றால் "அதுவே ஏறிடும்மா" என்பாய். அதுவே ஏறிவிடுகிற வண்டி 300-தான். நான் அதை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான், உன் எடை இல்லை. நீ அறுபத்தெட்டு கிலோ இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் 150 பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தாய். அது 144 சிசி. எந்நேரமும் உச்சத்தில் கத்திக்கொண்டே இருந்தால்தான் போகும். உனக்கு வேண்டாம்.

ஸ்பிரிங் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. கடைக்கு ஒருவர் வருவார், கோயம்பேட்டில் மொத்த வியாபாரம், நல்ல ஆகிருதி. தன் ஆர்எக்ஸ் 100 "இழுக்கவே மாட்டேங்குது" என்று சிலிண்டரை ரீபோர் செய்தார், பிஸ்டன் மாற்றினார், கார்புரேட்டரில் ஜெட் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பொருள் வாங்கியது நம்மிடம்தான், நமக்கு வியாபாரம். கடைசியில் லேத் பட்டறை பாய் ஒருநாள் அவரை வண்டியில் உட்காரச் சொல்லிப் பின்னால் குனிந்து பார்த்தார். இரண்டு ஷாக் அப்சர்பரும் மொத்தமாக அமுங்கி, ஸ்பிரிங் வளையங்கள் ஒன்றை ஒன்று தொடுகிற அளவில் இருந்தன. அதற்குமேல் அமுங்க இடமே இல்லாமல், ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. தரையைத் தொடாத சக்கரம் எப்படி இழுக்கும்? ஷாக்கை மாற்றிய பிறகு "இப்போதான் இன்ஜின் வேலை செய்யுது" என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

உன் விஷயமும் இதேதான். கேடிஎம் வண்டியைத் தொழிற்சாலையில் 75 முதல் 85 கிலோ வரை இருக்கிற ஆளுக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டு அனுப்புகிறார்கள். அதில் நீ ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். திருப்பத்தில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் இன்னும் லேசாகி, வண்டி மல்லாக்க விழப் பார்க்கும். 300-ன் கீழ் இழுவையும் அதோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அதாவது ஸ்பிரிங் மாற்றாத 300, உன்னைப் பொறுத்தவரை ஸ்பிரிங் மாற்றாத 250-ஐவிட ஆபத்தான வண்டி. பெரிய ஆளுக்குப் பெரிய இன்ஜின் என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அளப்பது சுலபம், ஆனால் கூட ஆள் வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தொங்கும்படி வை. பின்சக்கர அச்சிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு டேப் ஒட்டி, அதுவரை அளந்துகொள். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, யாரும் உட்காராமல் நிமிர்த்திப் பிடித்து அதே இடத்தில் அள. மூன்றரை சென்டிமீட்டர் சுற்றி இறங்கியிருக்க வேண்டும். மூன்றாவதாக, நீ ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறிய பிறகு அள. தொங்கிய அளவிலிருந்து பத்தரை, பதினொன்று சென்டிமீட்டர் இறங்கினால் சரி. உனக்குப் பதிமூன்று, பதினாலு இறங்கும் என்று நினைக்கிறேன்.

அப்போது கூட இருக்கிற யாராவது ஷாக்கின் வளையத்தை இறுக்கி "இதோ பதினொன்று வந்துருச்சு" என்பார்கள். நம்பாதே. ஆள் இல்லாத அளவை மறுபடி எடுத்துப் பார். அது ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் என்று சுருங்கியிருந்தால், ஸ்பிரிங் உனக்கு மெலிது, அதை நசுக்கி வைத்து அளவை வரவழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வண்டி கல்லில் இறங்கும்போது பின்பக்கம் உதைக்கும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் இரண்டு அளவும் தானாக ஒத்து வரும். பின்னால் மாற்றினால் முன் ஃபோர்க்கிலும் மாற்று. ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி முன்னாலோ பின்னாலோ சாய்ந்தேதான் இருக்கும். ஷாக்கைப் பிரிக்கிற அதே சமயத்தில் ஆயிலையும் மாற்றிவிடச் சொல், 2019 வண்டி.

இன்னும் சில. டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, உனக்குத் தெரியும். இறக்கத்தில் உன் மொத்த எடையும் பிரேக்கின்மேல்தான். பின் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடாகி, மிதி உள்ளே போய்விடும். வாங்கியதும் பிரேக் ஆயிலை மாற்றிவிடு. 300-ல் நடுவில் திடீரென்று இழுப்பது உன்னைப் பயமுறுத்தினால், எக்ஸாஸ்ட் வாசலைக் கூட்டிக் குறைக்கிற பவர் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றலாம். மஞ்சள் சாதாரணமானது, பச்சை மென்மையானது, சிவப்பு முரட்டுத்தனமானது. பச்சை போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டு. நம்மூரில் ராஜ்தூத் 350-ஐக்கூட ஒரே இன்ஜினை 30.5 குதிரையில் ஒன்று, 27 குதிரையில் ஒன்று என்று இரண்டு விதமாக விற்றார்கள். பேச்சில் எல்லோருக்கும் முதல் வண்டிதான் வேண்டும். மவுண்ட் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவனுக்கு இரண்டாவது போதும் என்று நான் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

டிபிஐ என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லை. தனி டேங்கிலிருந்து பம்பு தானாக விடும். அதனாலேயே சிலர் அந்த டேங்கைத் திறந்தே பார்ப்பதில்லை. பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் அதையும் பார். ஆயில் இல்லாமல் டூ-ஸ்ட்ரோக் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ள எத்தனை நிமிஷம் ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணம் கொடுக்குமுன் விற்கிறவரிடம் சைலன்சர் பைப்பைக் கழற்ற அனுமதி கேள். சிலிண்டரில் ஸ்பிரிங் மாட்டித்தான் இருக்கும், ஐந்து நிமிஷ வேலை. கழற்றினால் எக்ஸாஸ்ட் வாசல் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்து, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, தெளிவாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் விலையைக் குறைக்க வேண்டும். கழற்ற விட மாட்டேன் என்றால் அந்த 300 வேண்டாம், அடுத்த விளம்பரத்தைப் பார். போட்டோவை அப்பாவுக்கு அனுப்பாதே. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் வண்டியை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள்.

ஸ்பிரிங்குக்கும் ஆயிலுக்கும் அங்கே எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுது. குறைந்தால் இங்கிருந்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா